நாலு பேருக்கு ஒரு தகரம்

அண்ணனின் இந்த நினைவு மலரை அச்சடிக்கக் கொடுப்பதற்காக அட்டனில் உள்ள அச்சகத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்தவர் மாதிரி வாசகங்கள் அடங்கிய சில தாள்களை என் முன்னால் வைத்தார். எல்லோரும் அதிலிருந்துதான் எடுப்பார்களாம். "உற்றார் உறவினரின் அன்பு அரவணைப்பில் சீரும் சிறப்புமாக வாழ்ந்து" என்று ஒரு வரி அதில் இருந்தது. அந்த வரி வேண்டாம் என்றேன். "எல்லாரும் போடுறதுதானேங்க டீச்சர்" என்றார். எல்லோரும் போட்டுக்கொள்ளட்டும். என் அண்ணனுக்கு அதைப் போட முடியாது. பொய்யை அச்சில் ஏற்ற நான் வரவில்லை.

மறைந்தவரைப் பற்றி அடக்கமாக எழுத வேண்டும் என்று மாமா ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். அண்ணனைப் பற்றி அடக்கமாகத்தான் எழுதுவேன். மற்றவர்களைப் பற்றி அப்படி எழுத எனக்கு மனம் இல்லை. முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் அனைவரும் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கடைசியில் உங்களுக்கு ஒரு சேதி இருக்கிறது.

கொட்டகலைக்கு மேலே உள்ள தோட்டத்தில், பணிய லயத்தில், மலையடியில் இருக்கும் வரிசை வீடு ஒன்றில், அண்ணன் பிறந்தார். அப்பா சில்லறைக் கங்காணி. ஒரு சிறு கூட்டம் ஆட்களைக் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு அழைத்துப் போய் நிறுத்துவது அவர் வேலை. ஆனால் நம் சொந்தக்காரர்கள் "கங்காணி வீடு" என்று சொல்லும் தோரணையைக் கேட்டால், மலையே எங்கள் பெயரில் இருந்தது என்றுதான் நினைக்கத் தோன்றும். இருந்தது ஒரு காம்பரா, ஒற்றை அறை. மழை பெய்தால் அதிலும் பாதி நனையும். அப்பா காய்ச்சலில் போய்விட்டபோது நான் கைக்குழந்தை. அம்மா கொழுந்து பறித்தார். அண்ணன் பாடசாலையை விட்டுவிட்டு, கொட்டகலைக் கடைத்தெருவில் பியதாச நடத்திய பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தார். கவ்வாத்து வெட்டிய மலைகளிலிருந்து, வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளை மிலாறுக் கட்டாகச் சுமந்து வந்து, பாண் சுடும் போறணை அடுப்புக்கு எரிப்பதுதான் முதல் வேலை. நான் படித்ததும் இன்று தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக நிற்பதும் அந்த மிலாறுக் கட்டுகளால்தான்.

அண்ணனுக்கு மூன்று சிநேகிதர்கள். பேக்கரி பியதாச ஒருவர். கடைத்தெருவில் பலசரக்குக் கடையும் ஒரு பழைய லொறியும் வைத்திருக்கும் மீரான் நானா ஒருவர். மூன்றாமவர் செபமாலை. எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கும் லயத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா தோட்டத்தில் வாசல் கூட்டி, சாக்கடைக் கான் துப்புரவு செய்தவர். செபமாலை என்ன சாதி என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்கெல்லாம் அது நன்றாகத் தெரியும். அது ஒன்றுதான் உங்களுக்கு அவரைப் பற்றித் தெரியும். மூவரையும் நான் அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவேன். குழப்பம் வராமல் இருக்க இங்கே பெயரை மட்டும் எழுதுகிறேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. கையோடு, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று எங்கள் பிரஜாவுரிமை போனது. அந்த நேரத்தில்தான் அண்ணனுக்குச் சொந்தமாகக் கடை போடும் ஆசை வந்தது. லைசன்ஸ் கேட்டுப் போன அரசாங்கக் கந்தோரில் இருந்தவர் தலையைக் கூட நிமிர்த்தாமல், "உன் அப்பன் எங்கே பிறந்தான்?" என்று கேட்டார். அப்பா பிறந்த ஊருக்குச் சாட்சி சொல்ல அப்பாவைத்தான் எழுப்பி வர வேண்டும். அண்ணன் திரும்பி வந்து பேக்கரி வாசலில் குந்தினார். விஷயத்தைக் கேட்ட பியதாச, "என் பேர்ல எடுப்போம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பேக்கரிக்கு ஒட்டினாற்போல் இருந்த பகுதியில் கடை திறந்தது. "சிங்களவன் பேர்ல கடையா? ஒரு நாளைக்குச் சுருட்டிக்கிட்டுப் போயிருவான் பாரு" என்று அன்று சொன்னவர்களின் பெயர்களும் எனக்கு நினைவிருக்கின்றன.

அந்தக் கடையில் என்ன விற்றார்கள் என்பதை, அங்கே கால் வைக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் பாண் எடுத்த பிறகும் போறணையில் சூடு நெடுநேரம் நிற்கும். அந்தச் சூடு வீணாகப் போகிறதே என்று அண்ணனுக்கு ஆரம்பத்திலிருந்தே மனக்குறை. பெரிய பிஸ்கட் தகரங்களின் மூடியைத் தட்டிச் சரிசெய்து, அதில் பாண் மாவைக் கையால் பரத்தி, மேலே வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், மாசிக் கருவாட்டுத் தூள் போட்டு உள்ளே தள்ளினார். விளிம்பு மொறுமொறு என்றும் நடுப்பகுதி மெத்தென்றும் வெந்து வரும். ஊர் அதற்குத் தகர ரொட்டி என்று பெயர் வைத்தது. சம்பள நாள் வந்தால் மூன்று தோட்டங்களின் ஆட்கள் கடைக்கு முன்னால் நிற்பார்கள். வெளியூர் போய்த் திரும்புகிறவர்கள் ரயிலை விட்டிறங்கி நேராக அங்கே வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். மாவு பிசைந்தவர் செபமாலை. அந்தக் கைப்பக்குவம் அண்ணனுக்கே வராது. அதை அண்ணனே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. நாலு பேருக்கு ஒரு தகரம். ரொட்டியை வெட்டி, பிரித்துத் தட்டில் வைத்துத் தர மாட்டார்கள். தகரத்தோடு மேசையில் வரும். நாலு பேரும் பிய்த்துத் தின்ன வேண்டும். தனியாக வருகிறவரை அண்ணன் யாரோடாவது உட்கார வைப்பார். ஆள் குறைந்தால் வழியில் போகிறவரைக் கூட, "வாங்க, ஒரு கை கொறையுது" என்று கூப்பிடுவார். கங்காணி மகன், கான் வெட்டுகிறவர், தபால்காரர், லொறிக்காரர் எல்லோரும் ஒரே தகரத்தில் கை வைப்பார்கள். அதே தெருவில் வேறு கடைகளில், இன்னாருக்கு என்று தனி கிளாஸ் வெளியே கம்பியில் மாட்டித் தொங்கியது. அண்ணன் அதைப் பற்றி மேடை போட்டுப் பேசவில்லை. தகரத்தை நடுவில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போறணைக்கு ஓய்வு. நாலு பேரும் பஸ் ஏறிவிடுவார்கள். சில நாட்களில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். எங்கே என்ன சாப்பாடு நன்றாக இருக்கும் என்று தேடிப் போவதுதான் அவர்களுக்கு ஊர்சுற்றல், கோயில், சினிமா எல்லாம். சாப்பாட்டுக் கடைக்குப் போனால் அங்கே விற்பதைக் கேட்க மாட்டார்கள். "ஒங்க வீட்டுல இன்னிக்கு என்னா ஆக்கினாங்க?" என்று முதலாளியைக் கேட்பார் அண்ணன். கந்தப்பளையில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஒரு அம்மா, "நாங்க திங்குறத நீங்க திம்பீங்களா?" என்று கூச்சப்பட்டார். "அதுக்குத்தாங்க இம்புட்டுத் தூரம் பஸ்ஸேறி வந்திருக்கோம்" என்று அண்ணன் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று சாப்பிட்ட லீக்ஸ் வதக்கல் அடுத்த வாரம் தகர ரொட்டியின் மேல் ஏறியது. பியதாசவின் அக்கா மிளகாயும் உப்பும் வைத்து இடித்துக் கொடுத்த லுணுமிரிஸ் சம்பலும் அப்படித்தான் வந்தது. எந்த வீட்டு வாசலிலும் செபமாலை பழக்க தோஷத்தில் பின்தங்கி நிற்பார். அவர் உள்ளே வரும்வரை அண்ணன் நிலையைத் தாண்ட மாட்டார். சந்தோஷமான நாட்கள் அவை. இதை எழுதும்போது கூட எனக்குப் பசிக்கிறது.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு தீபாவளிக்கு டிக்கோயாவில் மாமா வீட்டுக்கும் போனார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி, பெரிய கங்காணி. அவருடைய மகள் அண்ணனுக்கு முறைப்பெண். கல்யாணப் பேச்சும் அப்போது நடந்துகொண்டிருந்தது. அத்தை எங்களுக்கு உள்ளே இலை போட்டார். பியதாசவுக்கு இலை இருந்தது. மீரான் நானாவுக்கும் இருந்தது. அண்ணன் நின்றபடியே, "அத்த, ஒரு எல கொறையுதே" என்றார்.

"அதுக்குப் பின்னால போட்டிருக்கேன்ப்பா. அது அங்க குந்திச் சாப்புட்டுக்கும்."

அது என்று அவர் சொன்னது ஒரு மனிதரை. வேற்று மொழி பேசுகிறவருக்கும் வேற்று மார்க்கத்தவருக்கும் உள்ளே இடம் இருந்தது. நம் மொழி பேசி, நம் மலையில் பிறந்து, பக்கத்து லயத்தில் வளர்ந்தவருக்கு விறகுக் கொட்டிலில் இலை.  அண்ணன் தன் இலையைச் சோற்றோடு தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். நானும் என் இலையைத் தூக்கினேன். பியதாச என்ன நடக்கிறது என்று புரியாமல் மீரான் நானாவைப் பார்த்தார். "வாங்க பியதாச, அங்கதான் காத்து நல்லா வருதாம்" என்று நானா எழுந்தார். விறகுக்கு நடுவில் உட்கார்ந்து நாங்கள் ஐந்து பேரும் சாப்பிட்டோம். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது, அத்தை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மாமா கடைக்கு வந்தார். அதுவரைக்கும் வராதவர். நான் அன்று அங்கே இருந்தேன்.

"மாப்ள, பொண்ணு ஒன்னோட பொண்ணு. அதுல பேச்சில்ல. ஆனா மாவு பெசயுறதுக்கு வேற ஆளப் போட்டுக்க. அவனுக்கு வேணும்னா வெளிய வெறகு ஒடைக்கிற வேலயக் குடு. நாளைக்கு நாலு பேரு நம்ம வீட்டுல கை நனைக்க வேணாமா?"

அண்ணன் கோபப்படவே இல்லை. வெந்த தகரம் ஒன்றைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். செபமாலையைக் கூப்பிட்டு ஒரு பக்கம் உட்காரச் சொன்னார். தானும் உட்கார்ந்தார். என்னையும் உட்கார வைத்தார். செபமாலைக்கு எதிரில் ஒரு இடம் காலியாக இருந்தது.

"ஒக்காருங்க மாமா. மொதல்ல சாப்புடுவோம். பெறகு பேசலாம்."

"நான் இங்க திங்க வரல."

"அப்ப பேசவும் ஒண்ணுமில்லங்க மாமா."

அவ்வளவுதான். கல்யாணப் பேச்சு அன்றோடு நின்றது. அந்தப் பெண் வேறிடத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனார். அவர் மீது எனக்கு வருத்தம் கிடையாது, அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் அதற்குப் பிறகு வேறு பெண் பார்க்க விடவில்லை. அம்மா கண்ணை மூடும்வரை அந்த ஏக்கத்தோடுதான் இருந்தார். நம் உறவினர்கள் ஒருவர் விடாமல் கடைப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். கோயில் திருவிழாவுக்கு வந்தால் கடைக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ரொட்டி மணம் மூக்கைத் துளைத்தும் திரும்பிப் பார்க்காமல் போன உங்கள் வைராக்கியத்தை நான் மெச்சுகிறேன்.

போறணைப் புகை அண்ணனின் நெஞ்சைப் பிடித்தது. இருமலில் ஆரம்பித்து, படியேற முடியாமல் போய், கடைசியில் படுக்கையில் விழுந்தார். மீரான் நானாவின் லொறியில், செபமாலை மடியில் சாய்ந்தபடிதான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் மாமா வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு பகலில் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது அண்ணன் என்னைக் கேட்டார்:

"ஏ புள்ள, நாஞ் செத்தா படையல்ல என்னா வெப்ப?"

"சும்மா இருங்கண்ணே."

"சாராயம் கீராயம்னு வெச்சிறாதீங்க. ஒரு தகரம் வெய்யி. வெங்காயம் லேசாக் கருகியிருக்கணும். இந்தா, இவன் பெசஞ்சாத்தான் எனக்கு எறங்கும்."

காலடியில் உட்கார்ந்திருந்த செபமாலையைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். செபமாலை எழுந்து வெளியே போய்விட்டார். அந்த வாரமே அண்ணனும் போய்விட்டார்.

செத்த பிறகு எல்லோரும் வந்தீர்கள். மாமா முன்னால் நின்று காரியங்களை ஏற்றுக்கொண்டார். குழி வெட்ட ஆள் வேண்டும் என்றதும் அவர் கூப்பிட்டனுப்பியது செபமாலையைத்தான். செபமாலை வந்தார். மாமா கூப்பிட்டதற்காக அல்ல, இன்னொருவர் வெட்ட விடக் கூடாது என்று வந்தார். மலைச்சரிவில் மழை ஊறிய மண்ணில் தனியாக நின்று வெட்டினார். அந்தக் கை வெட்டிய குழிக்குள் அண்ணனை இறக்குவதில் நம்மில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இருக்கவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி. லயத்து வாசலில் பந்தல். படையலில் லட்டு, வடை, சுருட்டு, அரைப் போத்தல் சாராயம். அண்ணன் வாழ்நாளில் சாராயத்தை முகர்ந்து கூடப் பார்த்தவரல்ல. சுருட்டுப் புகை பட்டாலே இருமுவார். காகம் வந்து வடையைத் தூக்கிக்கொண்டு போனதும், "பார்த்தீங்களா, மாப்ளயே வந்து எடுத்துக்கிட்டான்" என்று மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணனுக்கு வடை பிடிக்காது. அது கூடத் தெரியாதவர்கள்தான் அவருக்குப் படையல் போட்டீர்கள்.

அந்த நேரத்தில் மூன்று சிநேகிதர்களும் தூறலில் ஏறி வந்தார்கள். செபமாலையின் கையில் துணியால் மூடிய தகரம். மாமா பந்தல் காலடியில் மறித்து நின்றார்.

"பியதாச மாத்தயா, நானா, நீங்க ரெண்டு பேரும் உள்ள வாங்க. அது வெளிய இருக்கட்டும். சாமி காரியம். கண்டவன் கை பட்டது படையலுக்கு ஆகாது."

பியதாச தன் உடைந்த தமிழில், ஆனால் நிதானமாகச் சொன்னார்: "கங்காணி ஐயா, நாங்க மூணு பேரும் இங்கயே நிக்கிறது. உள்ள வர வேணாம். அவரு கேட்ட சாமான் மட்டும் உள்ள போகட்டும்."

"ஆகாதுன்னா ஆகாது."

நான் கத்தினேன். ஆஸ்பத்திரியில் அண்ணன் சொன்னதை எல்லோரும் கேட்கும்படி கத்தினேன். "டீச்சரம்மான்னா எல்லாம் பேசலாமா?" என்று அத்தை என் கையைப் பிடித்துக் காம்பராவுக்குள் இழுத்துக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார்கள். செபமாலை கொண்டு வந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதை நான் யன்னல் வழியாகப் பார்த்தேன். மூவரும் சரிவில் இறங்கி, அண்ணன் படுத்திருக்கும் மண்மேட்டில் அந்தத் தகரத்தை வைத்துவிட்டு, நனைந்தபடி நின்றார்கள். நம்மில் ஒருவர், ஒரே ஒருவர் எழுந்து போய் ஒரு குடை பிடிக்கவில்லை. நான் ஒரு வருஷமாகத் தூங்கி எழும்போதெல்லாம் இதைத்தான் நினைக்கிறேன்.

கருமாதி முடிந்த அடுத்த நாள் பியதாச வந்து கடைச் சாவியை என் கையில் வைத்தார். "நங்கி, தங்கச்சி, இது ஒங்க அண்ணன் கடை. என் பேரு கடுதாசியில மட்டும்தான்" என்றார். சுருட்டிக்கொண்டு போய்விடுவார் என்று சொன்னவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடை ஒரு நாளும் மூடப்படவில்லை.

போன வருஷம் இந்தியா, இலங்கை என்ற இரண்டு நாட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து எங்களைப் பங்கு போட்டார்கள். இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று. யாரும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாம் கப்பல் ஏறப் போகிறோமா, இந்த மலையிலேயே மண்ணாகப் போகிறோமா என்று ஒருவருக்கும் தெரியாது. நம் பிள்ளைகள் எந்த நாட்டுக்காரர்கள் என்று நமக்குத் தெரியாது. ஆனால் யாரோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பது மட்டும் நமக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். கேட்காமலே தன் பெயரைக் கொடுத்த பியதாசவுக்கு நன்றி. லொறியை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திக்கொண்டு, தன் வியாபாரத்தை மறந்திருந்த மீரான் நானாவுக்கு நன்றி. மாவு பிசைந்து, மடியில் ஏந்தி, மண் வெட்டி, அண்ணனுக்கு மூன்றையும் செய்த செபமாலைக்கு நன்றி என்ற சொல் போதாது. எனக்கு வேறு சொல் தெரியவில்லை. உற்றார் உறவினருக்கு நன்றி சொல்வது மலர்களில் வழக்கம். உங்களுக்கு அதை இன்று மாலை சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நான் சொன்ன சேதி. திதிச் சாப்பாடு லயத்தில் இல்லை. அண்ணனின் கடையில். இன்றைய படையலும் பந்தியும் தகர ரொட்டிதான். நீங்கள் இதைப் படிக்கும்போது செபமாலை பிசைந்து முடித்திருப்பார். இதை உங்களிடம் மறைத்துப் பரிமாற எனக்கு விருப்பமில்லை, அதனால்தான் அச்சடித்துக் கையில் கொடுக்கிறேன். சாப்பிட மாட்டேன் என்கிறவர்கள் இந்த மலரை மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். இருப்பவர்கள் யார் பக்கத்தில் வேண்டுமானாலும் உட்கார வேண்டியிருக்கும். நாலு பேருக்கு ஒரு தகரம்.

போறணைக்குப் பக்கத்து மேசையில் செபமாலைக்கு எதிரில் ஒரு இடம் மாமாவுக்காக வைத்திருக்கிறேன். ரொட்டி ஆறுவதற்குள் வரச் சொல்லுங்கள். அவர் வராவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. தெருவில் போகிற யாரையாவது, "வாங்க, ஒரு கை கொறையுது" என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவோம்.

அண்ணனின் தங்கை
கொட்டகலை